வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கிற வண்டி

பெட்ரோல் வாசனை போகாத கையால் என் முதுகில் தட்டி, என் சலவைச் சட்டையைப் பாழாக்கிவிட்டுச் சிரிக்கும் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகம் அறிய ஆவல் என்றுதான் கை தானாக எழுதப் போனது. யாருக்கு எழுதுகிறோம் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பரவாயில்லை. இருந்த காலத்தில் நான் சொன்ன எதையும் நீங்கள் முழுசாகக் கேட்டது கிடையாது. பாதிப் பேச்சில் குனிந்து வண்டிக்கு அடியில் போய்விடுவீர்கள். இப்போதாவது ஓடாமல் கேளுங்கள்.

சொல்ல வந்தது அந்த வண்டியைப் பற்றித்தான். இரண்டு கை மாறி உங்களிடம் வந்த கிழட்டு மோட்டார் கார். அக்காவை வம்புக்கு இழுக்க அதை "உன் மூத்த மகன்" என்று சொல்வீர்களே, அது.

நீங்கள் போனபிறகு அது கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அக்காவும் அப்படித்தான் கிடந்தாள். ஒரு வருஷம் கழித்துத் தலைத் திவசம் முடிகிறவரை ராஜபாளையத்துத் தெருவை அவள் கண்ணால் பார்க்கவில்லை. முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு விட்டாள்.

"ஏலே சுப்பையா, வெள்ளிக்கிழமைதோறும் அவிய என்னைய ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாகல்ல. அதே வண்டியில நீ கூட்டிட்டுப் போறியா? வேற எதுவும் நான் கேக்கல."

பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு வண்டியில் தெரிந்த ஒரே வித்தை ஹாரனைப் பிடித்து அமுக்குவது. ஆனால் நீங்கள் இருந்தவரை அக்கா என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. கேட்க வேண்டிய எல்லாவற்றையும் உங்களிடமே கேட்டுக்கொண்டாள். சரி என்றேன்.

உங்களிடம் பசு மாதிரி நின்ற வண்டி, என்னைக் கண்டதும் உதைத்தது. முன்னால் நின்று சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் திருப்பி அடித்ததில் மணிக்கட்டு வீங்கி, அந்தக் கையால் பஞ்சுச் சாம்பிள்கூடப் பிடிக்க முடியவில்லை. தலைக்கு மேலே கிழிந்து கிடந்த ஹூட்டைச் சாக்குத் துணி வைத்து நானே தைத்தேன். டயரில் ஒட்டுப்போடாத இடம் தேடினாலும் அகப்படாது. ஒருவழியாக ஓட்டக் கற்றேன் மச்சான். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்குத் தெரியும். சிரியுங்கள்.

இப்போது சண்டைக் காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு தடவை வில்லிபுத்தூர் போய் வந்தால் டாங்கி காலி. அந்த ஒரு தடவையை அக்காவின் வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கி வைத்தோம்.

முதல் வெள்ளிக்கிழமை, பாதி வழியில், களத்தை ஒட்டி நிற்கிற புளியமரத்தடிக்கு வந்ததும் வண்டி இருமியது. செருமியது. நின்றுவிட்டது. இறங்கி டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன், பெட்ரோல் இருக்கிறது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். மாட்டித் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. திரும்பி வரும்போது அதே மரம், அதே இருமல்.

அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் விடுவேனா? வயரை மாற்றினேன். பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றி வாயை வைத்து உறிஞ்சி, இரண்டு நாள் சோற்றில் பெட்ரோல் ருசி. சனிக்கிழமை முழுக்க வண்டியைத் தேய்த்துக் கழுவி, கொட்டகையில் நிறுத்தி ஓடவிட்டுப் பார்ப்பேன். தங்கமாக ஓடும். வைத்தியர் வீட்டு வாசலுக்குப் போனதும் இருமல் நின்றுவிடுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஜாதி. கோபத்தில் ஒருநாள் ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன், மாமாவின் செம்பில் பட்டுச் செம்பு நசுங்கிவிட்டது. உங்கள் அப்பா அதை எடுத்துத் துடைத்துக்கொண்டார். நசுங்கிய செம்பிலேயே தண்ணீர் குடித்தார்.

பிறகுதான் வினை பிறந்தது. மிச்சம் பிடித்த பெட்ரோலில் ஒரு செவ்வாய்க்கிழமை கோர்ட்டு வேலையாக நான் மட்டும் வில்லிபுத்தூர் போனேன். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புளியமரத்தடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒரு பொம்பளை கையைத் தட்டிச் சொன்னாள்:

"இன்னைக்கு அந்தம்மா வரலபோல. அதான் வண்டி நிக்காமப் போகுது!"

அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ. பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. தாலி இழந்தவள் ஏறினால் இரும்புகூட நகராதாம். ஊர் வாயை உலைமூடி கொண்டு மூட முடியுமா? அக்கா காதிலும் விழுந்தது. அவள் அழவில்லை. என்னிடம் வந்து, "நான் வேணா பஸ்ல போயிக்கிறேம்ல. வண்டி மேல பழி வரவேண்டாம்" என்றாள். தன்மேல் வந்த பழி அவளுக்குப் பெரிசாகப் படவில்லை மச்சான். உங்கள் வண்டிமேல் வந்துவிடக் கூடாதாம்.

"நீ ஏறு. அது எப்பிடி நிக்குதுன்னு நான் பாக்கேன்" என்று வெள்ளிக்கிழமை வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போனேன். நின்றது! அதே மரம். அன்றைக்குப் பார்த்து மழை. இறங்கி எதையும் கழற்ற எனக்குத் தெம்பில்லை. பழக்கதோஷத்தில் டாங்கி மூடியை மட்டும் திருகித் திறந்தேன். 'உஸ்' என்று ஒரு மூச்சுச் சத்தம். குச்சிகூட விடாமல் மூடிவிட்டுப் போய் ஹேண்டிலைத் திருப்பினேன். ஓடிவிட்டது.

நனைந்துகொண்டே நின்றேன். ஒன்றையும் கழற்றவில்லை, ஊதவில்லை. மூடியைத் திறந்து மூடியதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அப்படியானால் கோளாறு மூடியில்தானே?

உங்களுக்கு அந்த மூடி மறந்திருக்காது. இன்ஜின் முடிந்து கண்ணாடி தொடங்குகிற மேட்டில், நடு நெற்றியில், பித்தளையில் குமிழ் மாதிரி இருக்குமே. அதன் உச்சியில் ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை. அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். எண்ணெய் டப்பாவில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் வரும். அதே கதைதான். கொட்டகையில் சும்மா ஓடும்போது பெட்ரோல் அதிகம் இறங்காது, அதனால் தெரியவில்லை. ரோட்டில் பாதி தூரம் போனதும் தெரிகிறது.

அந்தத் துளையை அடைத்துக்கொண்டு இருந்தது என்ன தெரியுமா? சந்தனம். அதன்மேல் குங்குமம். வட்டமாக, அழகாக ஒரு பொட்டு.

அதை நான் பார்க்காமலா இருந்தேன்? ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். தராசுக்குப் பொட்டு, நிலைக்குப் பொட்டு, அரிவாள்மணைக்குப் பொட்டு. பொட்டு வைக்காத இரும்பு நம் ஊரில் உண்டா? கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. சனிக்கிழமை கழுவும்போது என் கையாலேயே அதை அழித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கோளாறு தேடியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஏன் ஓடாது?

வீட்டுக்கு வந்ததும் மாமா கூப்பிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை நானும் வாரேன். வில்லிபுத்தூர்ல ஒருத்தர் கெணத்துல தண்ணி எறைக்க இன்ஜின் கேட்டிருக்காரு. வண்டி வழியில நின்னுச்சுன்னா அவருகிட்ட விட்டுட்டு பஸ்ல வந்துருவோம். எம் மருமகளை ஊர் வாயில போட்டு மெல்லவிட மாட்டேன்."

எனக்குப் பயமில்லை. மூடியைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. ஆனாலும் யார் வைக்கிற பொட்டு இது? வெள்ளிக்கிழமை விடியுமுன் போய்க் கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் படப்பு ஓரமாக நின்றேன்.

அக்கா வந்தாள் மச்சான். தலைக்குக் குளித்து, ஈரத் துணியோடு. கையில் சந்தனக் கிண்ணம். மூடியைத் துணியால் துடைத்து, சந்தனத்தை அப்பி, மோதிர விரலால் குங்குமத்தை எடுத்து வைத்தாள். தான் தொடக்கூடாது என்று ஊர் வைத்திருக்கிற குங்குமம். கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வண்டியிடம் மெதுவாகப் பேசினாள்.

"இன்னைக்காவது நிக்காம போயிரு, ராசா. போன வாரத்தைவிட நெறைய வச்சிருக்கேன். உனக்கு நல்லா இருக்கணும்னுதான வைக்கேன்? நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

நான் படப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நிற்க நிற்க அவள் சந்தனத்தைக் கூட்டியிருக்கிறாள். கூட்டக் கூட்ட அது நின்றிருக்கிறது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? அழித்தால் வண்டியில் ஏறும்போது கண்டுபிடித்துவிடுவாள். வெளியே சொன்னாலோ, குங்குமத்தைத் தொட்டாள் என்று இன்னொரு பேச்சு கிளம்பும். விட்டால் வண்டி கிணற்றுக்குப் போய்விடும். சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அவள் உள்ளே போனதும் மூடியைக் கழற்றிக்கொண்டு படப்புக்குப் பின்னால் ஓடினேன். இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற, சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்தேன். பொட்டில் கைபடாமல், கைப்பிள்ளையின் தலையைப் பிடிக்கிற மாதிரி மூடியைப் பிடித்துக்கொண்டு, குமிழின் பக்கவாட்டில், பார்த்தால் தெரியாத மறைவில் ஊசியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன்.

"என்னலே சத்தம்?" வீட்டுக்குள்ளிருந்து மாமா.

"ஒண்ணுமில்ல மாமா. மூடி நசுங்கியிருக்கு, தட்டுதேன்."

துளை விழுந்தது. பொட்டின் ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. என் விரலால் சரி செய்துவிட்டு, மூடியைக் கொண்டுபோய் மாட்டினேன்.

கிளம்பினோம். எனக்குப் பக்கத்தில் மாமா, பின்னால் அக்கா. புளியமரம் தூரத்தில் தெரிந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள் என்று மாமா அப்புறம் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்? நானும் பாதிக் கண்ணைத்தான் திறந்திருந்தேன். மரம் வந்தது. போனது. வண்டி நிற்கவில்லை, மச்சான்! வில்லிபுத்தூர் கோபுரம் கண்ணுக்கு நேரே வருகிறவரை எனக்கு மூச்சே வரவில்லை. பின்னால் அக்கா சேலை முந்தானைக்குள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

இன்ஜின் கேட்டவர் தேரடியில் காத்திருந்தார். மாமா இறங்கிப் போய், "மன்னிச்சுக்கிடணும். வண்டி குடுக்கதுக்கு இல்ல" என்றார். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் மாமா குங்குமக் கடை முன்னால் நின்றார். ஒரு பொட்டலம் வாங்கினார். கடைக்காரம்மா பார்க்க, சந்நிதித் தெருவில் போகிற வருகிற சனம் அத்தனையும் பார்க்க, அதை அக்காவிடம் நீட்டினார்.

"தாயி, இது வண்டிக்கு. நான் கோழி கூப்பிட எந்திரிக்கிறவன். எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இனிமே இருட்டுல வைக்காத. விடிஞ்ச பொறவு, நாலு பேரு பாக்க வை. அம்புட்டுதான்."

அக்கா கையை நீட்டவில்லை. உங்கள் அப்பாவே அவள் கையைப் பிடித்து, பொட்டலத்தை வைத்து மூடினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நான் கண்ணைத் துடைக்கக்கூட வெட்கப்படவில்லை.

திரும்பும்போது புளியமரத்தடியில் ஹாரனை அமுக்கியது நான் இல்லை, மாமா. அந்தக் கிழவருக்குள் இவ்வளவு சேட்டை இருக்கிறது என்று நீங்கள் சொன்னதே இல்லையே?

இப்போது வெள்ளிக்கிழமை வெயில் ஏறிய பிறகு, வாசலில் வண்டியை நிறுத்தித்தான் அக்கா பொட்டு வைக்கிறாள். போன வாரம் ஒரு மாட்டுவண்டிக்காரர் நின்று பார்த்துவிட்டு, "எங்க வண்டி நுகத்தடிக்கும் ஒண்ணு வச்சு விடுங்கம்மா, உங்க கை ராசியான கை" என்றார். ராசியான கை! அந்த வார்த்தையைக் கேட்டு எம்புட்டு நேரம் அவள் அந்த நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தெரியுமா?

வண்டி ஓடுவது தன் பொட்டால் என்று அவளுக்கு நிச்சயம். மாமாவுக்கும் நிச்சயம். துளையால் என்று எனக்கு நிச்சயம். ஆனால் மச்சான், அந்தப் பொட்டு இல்லாவிட்டால் நான் அந்தத் துளையைப் போட்டிருப்பேனா? யோசித்தால் எனக்கே குழம்புகிறது. நடுவில் புகுந்து இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, எங்கள் அக்காவிடம் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு என் வாக்கு இது. சனிக்கிழமைதோறும் அந்த மறைவுத் துளையை நான் ஊசியால் குத்திவிடுவேன். பொட்டை அழிக்க மாட்டேன். அவள் அதன்மேல் எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் அப்பிக்கொள்ளட்டும். காற்றுக்கு வழி விடுவது என் பொறுப்பு.

உங்கள் சீட்டில் உட்காரும்போது இன்றைக்கும் ஓரமாகவே உட்காருகிற,
உங்கள் மச்சினன்,
சுப்பையா.