பச்சை தெரியாத மாப்பிள்ளை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து மலைச்சாரல். துணி காயவில்லை. இரண்டாம் ஆண்டு விலங்கியல் விடைத்தாள் பாதி திருத்தியாயிற்று.

யூசுப் (இனி யூ., எழுதச் சோம்பல்) போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அவர்கள் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். நிச்சயத்துக்குப் பிறகு முதல் தடவை. அத்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் ஒரே பிள்ளை. எங்கள் ஏலக்காய்க் கடை மாப்பிள்ளைக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பிரியாணி இறங்குவதற்குள் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு தட்டில் காயைப் பரப்பினார். ஒன்று நல்ல பச்சை. ஒன்று வெளுத்தது.

"நீங்க வாங்குறதா இருந்தா எது மாப்ள?"

யூ. ரொம்ப நேரம் பார்த்தார். வெளுத்ததைத் தொட்டார். அத்தா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

சாயங்காலம் போனில் யூ.: "பௌசி, அதுதான் பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்கு சிவப்பு, பச்சை எதுவும் பிரிச்சுத் தெரியாது. எங்கம்மாவோட அத்தாவுக்கும் இப்படித்தானாம். தோட்டத்துல தரம் பாக்குறது அண்ணன் சோலி, அதனால வெளிய தெரியல. மாமாகிட்ட சொல்லிரு. மறைச்சுக் கட்டிக்க மனசில்ல."

ஒரு நிமிடம் திக்கென்றது. அப்புறம் சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். நிறக்குருடு பாடத்துக்காக ஐந்து வருடமாகக் கரும்பலகையில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று வம்சப் படம் வரைந்து காட்டிய ஆளே எனக்கு மாப்பிள்ளை!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வகுப்பு: மரபணு மாற்றம். பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் அம்மா அப்பாவிடம் இல்லாத சில புது மாற்றங்களோடுதான் பிறக்கிறது என்றேன். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி: "அப்ப எங்க வீட்ல என்னைய மட்டும் திட்றது நியாயமே இல்ல மேடம்." வகுப்பே சிரிப்பு. நானும்.

வீட்டில் சிரிப்பில்லை. அத்தாவிடம் சொன்னேன். அதே பாடம்: என்றைக்கோ ஒருத்தருக்கு நேர்ந்த சின்ன மாற்றம், தாய்வழியில் வருகிறது. எங்களுக்கு மகன் பிறந்தால் யூ.விடமிருந்து வராது. மகளிடம் ஒளிந்திருந்து அவள் மகனிடம் தலைகாட்டலாம். மனுசங்க இன்னும் மாறிக்கிட்டேதான் இருக்கோம் அத்தா, மெள்ள மெள்ள.

"எம்புட்டு நாளாகும்?"

"பெரிய மாற்றம்னா லட்சக்கணக்குல வருசமாகும்."

"அம்புட்டு நாள் கடையப் பூட்டிப் போட முடியாது தாயி. பச்சை தெரியாதவர் கையில எப்படிக் குடுக்க? நிக்காஹ் தேதியத் தள்ளி வைப்போம்."

அடுப்படியிலிருந்து அம்மா: "கடைக்கா மாப்பிள்ளை பாத்தீக, மகளுக்கா?"

சாப்பிடாமல் படுத்தேன். பிறகு எழுந்து இரண்டு தோசை. கோபம் வேறு, பசி வேறு.

ஆகஸ்ட் 9, சனி

வாங்க வேண்டியது: சோப்பு, சிவப்புப் பேனா, அம்மாவுக்குத் தைலம்.

யூ. வீட்டில் விருந்து. ஜீப்பில் மூவரும். கொண்டை ஊசி வளைவுகளில் அம்மா கண்ணையே திறக்கவில்லை. அத்தா முகம் உர்ரென்று. தேதியைத் தள்ளச் சொல்லத்தான் வருகிறார், தெரியும்.

சாப்பாட்டுக்கு முன் தோட்டம் சுற்றினோம். அத்தா முன்னால். ஒரு செடியின் அடியில் காய் பார்க்கக் குனிந்து கையை நீட்டினார்.

"மாமா, கைய எடுங்க! பாம்பு!"

"எங்க?"

"அந்தா, தண்டுல சுத்திக் கெடக்குல்ல."

அத்தா பார்த்தார். நான் பார்த்தேன். இலை, தண்டு, இலை. யூ. குச்சியை நீட்டிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. பச்சை விரியன், கைக்கு ஒரு சாண் தள்ளி.

நிறத்தில் ஏமாறாத கண்ணுக்கு உருவம் சட்டென்று பிடிபடுமாம். படித்திருக்கிறேன், பாடமும் நடத்தியிருக்கிறேன். இன்றைக்கு அது என் அத்தாவின் கையைக் காப்பாற்றியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தா கல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "நாப்பது வருசமா பச்சையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். பாம்பப் பாக்கல." யூ.வின் தோளைப் பிடித்து எழுந்தார். "தரம் பாக்க ஆளு வச்சுக்கலாம் மாப்ள. நீங்க வெரசா வந்து சேருங்க."

தேதி அதே தேதிதான். நெய்ச்சோறு மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில்! ஒருவழியாகத் துணி காய்ந்தது.

நிக்காஹ் புடவை வந்தது. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் யூ. தானே கடையேறி எடுத்தது. அத்தாதான் பிரித்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், காய் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முதல் தரம். இப்பிடியொரு பச்சை என் கடையிலகூட இல்ல தாயி. யாரு சொன்னா அவருக்குப் பச்சை தெரியாதுன்னு?"

அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

உடனே யூ.வுக்குப் போன் போட்டு அத்தா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் யூ. மெதுவாக:

"பச்சையா அது? காப்பிக் கலருன்னுல்ல எடுத்தேன்!"