போகியன்று எரிந்த சரிவு

மைசூர்
11 பிப்ரவரி 1996

சிரஞ்சீவி சுஹாஸுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் சௌக்கியம். மற்றபடி உன் அப்பா காலனி சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார், அதற்கு மருந்து கிடையாது. மெல்போர்னில் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். மோர் குடி. தலையில் எண்ணெய் வை.

மலை எரிந்தது என்று அப்பா ஃபோனில் சொன்னதும் பதறிப்போனாயாம். பதற ஒன்றுமில்லை. எரிந்தது நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவு மட்டும். காய்ந்த புல், உண்ணிச்செடி. மாலைக்குள் அடங்கிவிட்டது. அடக்கியவர்கள் நமக்குப் பால் ஊற்றும் மல்லப்பனும் அவன் தம்பிகளும், பச்சைக் கிளைகளால் அடித்து. காலனி ஆண்கள் மொட்டை மாடியில் நின்று திசை சொன்னார்கள். ஃபயர் என்ஜின் வந்தது, சரிவில் ஏற முடியாமல் நம் வாசலில் நின்றது, அதன் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எப்படிப் பற்றியது என்பதை அப்பா சொல்லியிருக்க மாட்டார். போகியன்று விடியற்காலையில் நம் தமிழ்க் குடும்பங்கள் பழைய சாமான்களைக் கொளுத்துவதை நீ பார்த்து வளர்ந்தவன். இந்த வருஷம் தெரு அழுக்காகிறது என்று சரிவில் போய்க் கொளுத்தினார்கள். அப்பாவின் யோசனை. உன்னுடைய தேங்காய்நார் மெத்தையும் போயிற்று. அது பளிச்சென்று எரிந்து முடிகிற சாமானா? உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடந்தது. இவர்கள் குளித்து, போளி தின்று, தூங்கினார்கள். மத்தியானம் காற்று எழுந்தது. அவ்வளவுதான்.

அதன் பிறகு தொடங்கியது பாதுகாப்பு. முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர் அல்லவா, வீட்டுக்கு வீடு சிவப்பு வாளியில் மணல் தொங்கவிட்டார். பூனைகளுக்குப் பெரிய வசதி. ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதினால் எல்லோரும் பூங்காவில் கூட வேண்டும். கூடுகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், கலைகிறார்கள். கரிந்த மண்ணில் மரக்கன்று நட்டார்கள். மழை இல்லாத மாசத்தில். நட்டவர்களின் பெயர்ப்பலகை மட்டும் வாடாமல் நிற்கிறது.

இதுவரை சிரிக்கலாம். பிறகு நம் வீட்டுக் கூடத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் தீக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். மல்லப்பன். சங்கராந்தி சாயங்காலம் இந்த ஊர்க்காரர்கள் மாடுகளை அலங்கரித்து, வைக்கோலைக் கொளுத்தி அதன்மேல் தாண்ட வைப்பார்களே, அந்த நெருப்புதான் மலைக்குப் போனதாம். ஆகவே சரிவின் குறுக்கே முள்கம்பி வேலி, மாடு போகும் பாதை மூடல். நான் எழுந்து, மலை எரிந்தது போகியன்று, மாடு தாண்டியது மறுநாள் என்றேன். செக்ரட்டரி சுரேந்தர்தான் முதலில் தேறினான். ஸ்வல்ப முன்னபின்ன இருந்தா என்ன மாமி, ரிப்போர்ட்ல தேதியெல்லாம் யாரு பாக்கப் போறாங்க என்றான். உன் அப்பா என்னைப் பார்க்காமலே, கனகா, உள்ள காப்பி கலந்தாச்சான்னு பாரு என்றார். நான் காப்பி கலக்கவில்லை. கோபமும் வரவில்லை. கோபப்பட எதிராளியிடம் கொஞ்சமாவது மதிப்பு இருக்க வேண்டும்.

வேலி போட்டுவிட்டார்கள். மாடுகள் அந்தப் பக்கத்துக் குட்டைக்குப் போக வேண்டுமானால் இனி லாரி ஓடும் பெரிய ரோட்டைச் சுற்றிப் போக வேண்டும். முதல் வாரமே ஒரு கன்று அடிபட்டது. மாடுகளை விற்றுவிட்டு குண்டலுபேட்டையில் கூலிக்குப் போகலாமா என்று மல்லப்பன் யோசிக்கிறானாம். அவன் மனைவி தேவம்மா தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரி, நம்மிடம் தமிழில்தான் பேசுவாள். பால் ஊற்றும்போது, நேத்து எரிஞ்ச காட்டுக்கு இன்னைக்கு வெச்ச நெருப்பு காரணமாமுங்க, எங்க மாட்டுக்கு அத்தனை சக்தி இருந்தா நாங்க ஏனுங்கம்மா உங்க வாசல்ல வந்து நிக்கறோம் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வேலி நம் சுற்றுச்சுவரில் வந்து முடிகிறது. நம் கொல்லைக் கதவோ வேலிக்கு அந்தப் புறம் திறக்கிறது. முள்கம்பியை அளந்து அளந்து கட்டியவர்களுக்கு அது தெரியவில்லை, தலைவர் வீட்டை யார் சந்தேகப்படுவார்கள். தேவம்மாவிடம், நாளையிலிருந்து மாடுகளை எங்கள் முன் கேட்டில் விடு, கொல்லை வழியாகப் போகட்டும் என்று சொன்னேன். ஐயா திட்டுவாரே என்று தயங்கினாள். இந்த வீடு என் அப்பா எனக்குக் கொடுத்தது என்றேன். விஷயம் தெரிந்து அப்பா, ஊர் சிரிக்கும் கனகா என்றார். சிரிக்கட்டும், இத்தனை நாள் எதைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் இருந்தார்கள் என்றேன்.

இப்போது அவர் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறார். காட்டுத்தீ நாட்டில் இருப்பவன், வேலிதான் சரியான முறை என்று நீ ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். அதை வைத்து வனத்துறையிடம் நிரந்தரச் சுவர் கேட்பார்களாம். நீ பேங்குக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன் என்பது இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சுவர் வந்தால் என் கொல்லைக் கதவும் அடைபடும். எழுதாதே. அப்பாவுக்கு மனசு கஷ்டமாகுமே என்று பாதியாகவும் எழுதாதே. கஷ்டப்படட்டும், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

காலையில் அவர் முன்புறம் நாற்காலி போட்டு பேப்பர் படிக்கிறார். மாடுகள் வருகின்றன. பேப்பரை உயர்த்திக்கொள்கிறார். நேற்று ஒரு சிவப்புப் பசு நகராமல் நின்று அவர் முழங்காலை முகர்ந்தது. அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. நாற்காலியைத்தான் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். மாடு போக வழி விட்டு.

தீர்க்காயுசாக இரு. வேளைக்குச் சாப்பிடு. எழுதித் தர மாட்டேன் என்பதை அவரிடம் நீயே ஃபோனில் சொல், என்னைச் சொல்ல வைக்காதே.

உன் அம்மா,
கனகலக்ஷ்மி