நேப்பிள்ஸா சூரிச்சா: உன் அப்பா வாயைத் திறந்த கதை

சிவகாசி,
புரட்டாசி மாதம், சனிக்கிழமை.

அன்பு மகள் ஆர்த்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் நலம். அவர் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, என் வாய் மூட மாட்டேன் என்கிறது. அங்கே மியூனிக்கில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், எண்ணெய் விஷயத்தில் மட்டும் நம்பிக்கை கொஞ்சம் குறைவு. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸப்பில் அனுப்பினால் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்தான் முதலில் படிக்கிறார். அவருக்குத் தெரியக்கூடாத விஷயம் இது, அதனால்தான் காராச்சேவுப் பார்சலுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன், எழுத்து எண்ணெயில் ஊறியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படி. கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருப்பதால், பக்கத்து வீட்டுக் கற்பகம் அத்தை கொண்டுவந்த தூத்துக்குடி ஜாதகத்தைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கில வருஷப் பிறப்புக்கு நாங்கள் அங்கே வரும்போது நேப்பிள்ஸுக்குக் கூட்டிப் போகவா, சூரிச்சுக்குக் கூட்டிப் போகவா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று நீ கேட்டாயே, அதற்கு அப்பா "எதுன்னாலும் சரிம்மா" என்றார். நீ அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாய், நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போன தீபாவளியோடு வெம்பக்கோட்டைப் பட்டாசு ஃபேக்டரியை உன் சித்தப்பா மகன் சபரிநாதனிடம் ஒப்படைத்தாரே, அன்றிலிருந்து அவர் வாயில் இந்த ஒரு சொல்தான். சாம்பாரா புளிக்குழம்பா என்றால் எதுன்னாலும் சரி, வெள்ளைச் சட்டையா கட்டம்போட்டதா என்றால் எதுன்னாலும் சரி. என் சமையலில் உப்புக்கு ஒரு குற்றம், புளிக்கு ஒரு குற்றம் சொல்லியே காலம் தள்ளிய மனுஷன், அந்த வாய்க்குப் பயந்தே நான் பலமுறை பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்டியிருக்கிறேன். போன மாதம் சோதித்துப் பார்ப்போம் என்று குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சீசன் நேரம், தெருவெல்லாம் லாரி லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறது, இவர் மட்டும் முற்றத்து நாற்காலியில் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆசை மட்டும் எங்கோ போய்விட்டது. நேப்பிள்ஸோ சூரிச்சோ, இந்த மனுஷன் வாயிலிருந்து இதுதான் வேண்டும் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அப்போதுதான் பழைய சாம்பிள் நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. நீ பிறப்பதற்கு முன்னால், புது ஐட்டம் போடுகிற வருஷங்களில், பொழுது சாயும் நேரம் எம்.எய்ட்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டை அணைப் பக்கம் ஒரு பொட்டலுக்குப் போவார். அன்றைக்கே அந்த வண்டி என்னைச் சுமக்க முக்கும், இன்றைக்கென்றால் லோடு ஆட்டோதான் பிடிக்க வேண்டும். என்னைத் தள்ளி ஒரு வேலமரத்தடியில் நிறுத்திவிட்டு இரண்டு வாணம் விடுவார். ஒன்று சிவப்பாக விரிந்து பச்சையாக உதிரும், இன்னொன்று வெள்ளி மழையாக இறங்கி அணைத் தண்ணீரில் பாதி, ஆகாயத்தில் பாதியாக நிற்கும். முகமெல்லாம் கரியோடு ஓடிவந்து, "சொர்ணம், எது நல்லாருக்கு? யோசிச்சுச் சொல்லு" என்பார். உன் அப்பத்தா வீட்டில் வெங்காயத்தை நீளமாக நறுக்குவதா பொடியாக நறுக்குவதா என்றுகூட யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆகாயம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க ஒரு ஆள் இருந்தார். நானும் சூலக்கரைக் கலெக்டர் மாதிரி முதுகை நிமிர்த்தி, இதுதான் என்று உத்தரவு போடுவேன். திரும்பி வரும்போது பரோட்டாக் கடையில் நிறுத்துவார், என் இலையிலிருந்து அவர் எடுப்பார், அவர் இலையிலிருந்து நான் எடுப்பேன், மொத்தத்தில் நான்தான் அதிகம் தின்றிருப்பேன். தீபாவளிப் பெட்டியைப் பிரித்தால் நான் சொன்னது இருக்காது, கேட்டால் அந்த நிறத்துக்கு மருந்து கிடைக்கவில்லை என்பார். நான் அதையும் நம்பி, என் ருசியில்தான் கம்பெனி ஓடுகிறது என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன். கடைசியில் மதுரை ஏஜெண்டு உக்கிரபாண்டி என் கையால் காபியை வாங்கிக் குடித்துவிட்டுப் போட்டு உடைத்தார், "மதினி, உங்களுக்கு எது புடிக்குதோ அதை விட்டுட்டு மத்ததைத்தான் அண்ணாச்சி போடுவாக. அது ஒரு சீசன்லயும் விக்காமப் போனதில்லை, அம்புட்டு ராசி உங்களுக்கு" என்று. அன்று ராத்திரி வீட்டில் வெறும் ரசம்தான். ஆனாலும் அடுத்த வருஷம் அவர் வண்டியைக் கிளப்பியபோது ஓடிப்போய் ஏறிக்கொண்டேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது.

அந்தப் புத்தியை வைத்தே ஆளை மடக்கலாம் என்று கணக்குப் போட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு நேப்பிள்ஸ்தான் வேண்டும். நீ அனுப்பிய வீடியோவில் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிச் சேலை மாதிரி போர்வை காயப்போட்டிருக்கிறார்கள், ஒருத்தி மாடியிலிருந்து கூடையை இறக்கிக் காய் வாங்குகிறாள், எதிர்வீட்டுக்காரி அவளிடம் என்னமோ கத்துகிறாள், பாஷை தெரியாமலே எனக்கு அந்தச் சண்டை புரிந்தது. வருஷப் பிறப்பு ராத்திரி வீட்டுக்கு வீடு வெடி வேறு, உன் அப்பாவுக்கு அதைவிட மருந்து ஏது? ஆகவே நான் சூரிச், சூரிச் என்று ஆரம்பித்தேன். ஏரி பளிங்கு மாதிரி இருக்கிறதாம், ரயில் சொன்ன நிமிஷத்துக்கு வருமாம் என்று சோறு போடும்போது ஒன்று, மாத்திரை கொடுக்கும்போது ஒன்று. ஒரு மாதம் கத்தியும் எதிர்ப்பேச்சு ஒன்றும் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை கற்பகம் வந்தாள், அவள் மகன் சூரிச்சில்தானே இருக்கிறான், "மதினி, அங்கன ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிற சத்தங்கூடக் கேக்கக் கூடாதாம். உங்க வாய்க்கு ரெண்டே நாள்ல பார்சல் பண்ணி அனுப்பிருவாக பாத்துக்கோங்க" என்றாள். முற்றத்து நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். உன் அப்பாதான். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன் தெரியுமா. அந்த இன்னொரு ஊரைக் காட்டு என்று என் போனை வாங்கினார். பார்க்கப் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தார், "ஏலே, பால்கனியில வச்சா வாணம் விடுவ? மேல துணி காயுது, கண்ணு தெரியலையா?" என்று நேப்பிள்ஸ்காரனை இங்கிருந்தே ஏசினார், வீடியோவில் வந்த ஒரு வெள்ளி மழையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, "நல்லாத்தான் இருக்கு, ஆனா பொசுக்குனு அணையுது" என்றார், காபி ஆறிப் போனது. உடனே சபரிநாதனைக் கூப்பிட்டு ஆர்டர் எப்படி, சாம்பிள் யார் பார்க்கிறார்கள் என்று பிடிபிடியென்று பிடிக்க, பயல் பதறிவிட்டான். அன்று ராத்திரி ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு எங்கே என்றார். உப்பு எடுக்கப் போன இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் ரசத்தில் ஏது வெங்காயம்.

ஜெயித்துவிட்டோம், நேப்பிள்ஸ்தான் என்று தூங்கினேன். காலையில் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, ஆர்த்திக்கு சூரிச்சுன்னு சொல்லிரு என்கிறார். நீங்க நேப்பிள்ஸைத்தானே அம்புட்டு நேரம் பார்த்தீக என்றேன். "எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. நீ ஒரு மாசமா சூரிச்சு சூரிச்சுன்னு கெடந்து தவிக்கியே. எத்தனை வருசம் உன்ட்டக் கேட்டுட்டு மத்ததைப் போட்டிருக்கேன்! இது என்ன, விக்கிற சரக்கா? உனக்குப் புடிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்குப் பிடித்தது அதில்லை என்று எப்படிச் சொல்ல? அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

அதனால் கண்ணு, சூரிச்சுக்கே போடு. சத்தமில்லாத ஊரில் அஞ்சு நாள் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்து காட்டுகிறேன், உன் அப்பா ஏரிக்கரையில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை என்று நீயும் ஒத்து ஊது. இரண்டு ஸ்வெட்டருக்கு அளவு எடுத்தாயிற்று. அவர் ஃபேக்டரிக்குக் கொண்டு போகும் பழைய பையைப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன், டெல்லி போனபோது ஏர்போர்ட் மிஷின் அதில் ஒட்டியிருந்த வெடிமருந்துத் தூளுக்குக் கத்திய கத்தல் உனக்கும் தெரியும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு கை சோறு பொங்கு. பத்ரகாளியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். நினைத்ததெல்லாம் உனக்கு நடக்கட்டும், நான் நினைப்பதில் ஒன்றாவது நடக்கட்டும். முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. டிக்கெட்டை ரத்து செய்ய முடியாததாக, ஊர் மாற்ற முடியாததாகப் பார்த்து இன்றைக்கே எடுத்துவிடு. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், நான் உளறுகிற அன்றைக்குக் காரியம் கையை மீறியிருக்க வேண்டும்.

சூரிச் போக ஆசைப்பட்டவளாக ஊரறிந்த உன் அம்மா,
சொர்ணலட்சுமி சங்கரலிங்கம்