நான்காவது படம்

பாலை நிலையம், செவ்வாய்
நாள் 611. காலை 7.10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மூன்று தக்காளிச் செடிகளில் இலைக்கு அடியில் சாம்பல் நிறப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்க்க வழியில்லை. தூசி புகுந்து நுண்ணோக்கி போன வாரமே படுத்துவிட்டது. இருபது மாதமாக இந்த நிலையத்தை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறேன். இன்னும் ஒன்பது நாளில் ‘பொருநை’ கப்பல் வந்து இறங்கும். ஆறு பேர். அதில் ஒருவர் சங்கரபாண்டி, என் வீட்டுக்காரர். பல மாதத்துக்குப் பிறகு இன்று கண்ணாடி பார்த்துத் தலை வாரினேன்.

நாள் 612. பகல் 1.25

அதே சாம்பல் புள்ளி என் இடது மணிக்கட்டில். மிளகு அளவு. வலி இல்லை. பூமிக்குச் சொன்னேன். பதில்:

“உப்புப் படிவாக இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மிக அருகில் படம் எடுத்து அனுப்பவும். பூஞ்சை என்றால் பொருநை இறங்காது. செவ்வாயைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும். நாள் 617 வரை அவகாசம்.”

இங்கே இருப்பது அத்தான் என் பெட்டியில் திணித்து அனுப்பிய கேமரா ஒன்றுதான். படம் எடுக்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. கூடவே கொடுக்கும் சாதா லென்ஸ். ஒரு சாணுக்குள் எதைக் கொண்டுபோனாலும் கலங்கிவிடும். கல்யாணமான மறுவாரம் குற்றாலத்தில், அருவியையும் விட்டுவிட்டு, என்னையும் விட்டுவிட்டு, ஒரு தட்டானை இதில் நாற்பது படம் எடுத்த மகராசன். கேட்டதும் கப்பலிலிருந்து பாடம் வந்துவிட்டது:

“ஏட்டி வடிவு, லென்ஸக் கழத்தி, முன்பக்கம் பின்னால வார மாதிரி திருப்பி வச்சு டேப்ப ஒட்டு. வளையத்தத் திருகாத, கேமராவையே முன்ன பின்ன நவுத்து. நாலு விரக்கடைல பளிச்சுன்னு தெரியும். அடியில டப்பா எதையாவது குடு. டைமர் போட்டுரு, விரல் பட்டா ஆடிரும். டார்ச்ச பக்கவாட்டுல வையி. மூச்ச அடக்கிக்க.”

நாள் 613. மாலை 4.50

மூன்று படங்கள் அனுப்பினேன். பூமி: “மூன்றும் கலங்கல். எதுவும் சொல்ல இயலவில்லை. தெளிவான படம் வரும்வரை இறங்கும் திட்டத்தில் மாற்றமில்லை.”

மாலை 5.30

இதை யார் படிப்பீர்களோ, உங்களிடம் மறைக்க மாட்டேன். நான்காவதாக ஒன்று எடுத்தேன். அது பளிச்சென்று வந்தது. புள்ளி முழுக்க மெல்லிய நூல்கள், ஒவ்வொரு நுனியிலும் ஒரு உருண்டை. வித்து. உப்புக்கு வித்து கிடையாது. படத்தை அழித்துவிட்டேன். அவர் வந்து என் கையைப் பிடித்தால் போதும் என்று இருந்தது. எந்தக் கையை என்று யோசிக்கவில்லை.

நாள் 615. காலை 9.05

முழங்கை வரை பரவிவிட்டது. கப்பலிலிருந்து, எனக்கு மட்டும்:

“வடிவு, கை நடுங்கிச்சுன்னா படம் பூராம் கலங்கியிருக்கணும். உன் படத்துல புள்ளி மட்டுந்தான் கலங்கல். பின்னால ஸ்கேல்ல கோடு ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல இருக்கு. மூணு படத்துலயும். வேணும்னேதான் அப்பிடி எடுத்திருக்க. நான் யார்ட்டயும் சொல்லல. எனக்கும் வரணும்னுதான் இருக்குட்டி. ஆனா இங்க இன்னும் அஞ்சு பேரு இருக்காவ. பல்கீஸுக்கு ஊர்ல ரெண்டு வயசுப் பிள்ள. நீயே அனுப்பிரு. என் வாயால வர வச்சிராத.”

அவர் சொன்னது நிஜம், என்ன தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த மூன்றையும் நானே கலங்கலாகத்தான் எடுத்தேன். அழுதேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். தட்டானைப் படம் எடுக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி.

நாள் 616. பகல் 2.40

அழித்ததை மறுபடி எடுக்க வேண்டும். இப்போது நிஜமாகவே கை நடுங்குகிறது. இடது கையை மேஜையோடு சேர்த்துக் கட்டினேன். பருப்பு டப்பா மேல் கேமரா. மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. அறுபத்தெட்டு வீண். அறுபத்தொன்பதாவது சரியாக விழுந்தது. நூல்கள் முன்பைவிட நீளம். அனுப்பிவிட்டேன்.

பூமி: “பூஞ்சைதான். பொருநை இறங்காது. வருந்துகிறோம்.”

அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம். என் உடம்பு இரண்டு வாரம் தாங்காது.

நாள் 620. மாலை 5.42

வலது கைக்கும் வந்துவிட்டது. ஒற்றை விரலால் தட்டுகிறேன். பொருநை தலைக்கு மேலே கடந்தது. நாலு நிமிடம்.

“ஜன்னல்ல நிக்கேட்டி. என்னைய ஒரு படம் எடு.”

தூரத்தில் இருப்பது தெரிய வேண்டுமென்றால் லென்ஸைப் பழையபடி திருப்ப வேண்டும். விரல் மடங்கவில்லை. டேப்பைப் பல்லால் இழுத்தேன். வரவில்லை. வெறும் கண்ணால் பார்த்தேன். மினுக்கிக்கொண்டு ஒரு பொட்டு. ஜன்னலுக்கு நேரே கேமராவைத் தூக்கி அழுத்தினேன்.

“எடுத்தியாட்டி?”

“எடுத்தேன் அத்தான். நல்லா விழுந்திருக்கிய.”

படத்தில் இருப்பது ஜன்னல் கண்ணாடியில் படிந்த என் மூச்சு. ஒவ்வொரு துளியும் தெளிவாக இருக்கிறது.

மாலை 6.20

படிப்பவருக்கு. உள்ளே வரும்முன் கையுறை. என்னைத் தொட வேண்டாம். கேமரா மேஜையில். என்றாவது அவர் கேட்டால் கடைசிப் படத்தைக் காட்டாதீர்கள். நல்லா விழுந்திருக்குன்னு மட்டும்