நீங்களாகவே இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

வேலை முடிந்து வரும்போது நல்ல மழை. நனைந்த கையுறைகளை ஹீட்டர் முன்னால் காய வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் கூடம் முழுக்கத் தைல வாசனை. விரல்களில் தேய்த்துக்கொண்டு இதே கையுறைகளை மாட்டுவீர்களே, அந்தத் தைலம். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக இவற்றை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் வியர்வையும் வெயிலும் மழையும் எவ்வளவோ பட்டாயிற்று. தோலுக்குள் எங்கே ஒளிந்திருந்ததோ, சூடு பட்டதும் வெளியே வந்துவிட்டது. டீ ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இன்று எழுதிவிடுகிறேன்.

நாம் பழகியதே ஒரு வேடிக்கை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நீங்கள் வார்டில் நர்ஸ், நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். போனில் மட்டும் தெரிந்த குரல்கள். ஒருநாள் கேன்டீனில் என் பெயரட்டையைப் படித்துவிட்டு, "நீரோ அது?" என்று கேட்டீர்கள். 'நீர்' என்று யாராவது அழைத்து நான் கேட்டது மதுரையில் பள்ளிக்கூட நாடகத்தில், ராஜா வேஷம் போட்டவர்கள் வாயில்தான். சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று தெரிந்ததும் என்னைவிட அதிகமாகச் சிரித்தீர்கள்.

மோட்டார் சைக்கிள் பேச்சை எடுத்ததும் அதே மேசையில்தான். யாழ்ப்பாணத்தில் பெட்ரோலே வராத வருடங்களில் உங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்த்தி நின்றதையும், யாரும் இல்லாதபோது நீங்கள் ஏறி உட்கார்ந்து வாயால் சத்தம் போட்டு ஓட்டியதையும் சொன்னீர்கள். பெட்ரோல் வந்தபோது நீங்கள் நாட்டிலேயே இல்லை. "இப்ப பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போயிட்டாள். எனக்கு இனி என்ன? பழகப்போறன். தனியப் போக வெக்கமாக் கிடக்கு, நீரும் வாரும்" என்றீர்கள். ஊரில் ஸ்கூட்டி ஓட்டிய தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

பயிற்சி மைதானத்தில் எல்லாரும் இருபது வயதுப் பையன்கள். நடுவில் நாம் இரண்டு பேர். கிளட்சை விடத் தெரியாமல் என் வண்டி துள்ளித் துள்ளி நின்றது. நீங்கள் முதல் சுற்றிலேயே ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டு போனீர்கள். அன்று கிடைத்த பழகுநர் உரிமத்தைக் கொண்டுபோய் உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டியபோது அண்ணா, "இந்த வயசில உமக்கு மோட்டச்சைக்கிள் என்னத்துக்கு? விழுந்து கையைக் காலை முறிக்கவோ?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அடுத்த மாதமே ஒரு பழைய கறுப்பு வண்டியை வாங்கிவிட்டீர்கள்.

அதன்பிறகுதான் அந்தக் கட்டி. புற்றுநோய் என்றார்கள்.

சிகிச்சைக்கு நடுவிலும் ஞாயிறு காலைகளை நீங்கள் விடவில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை தேறிய வாரங்களில் மருத்துவரே, "மனசுக்குப் பிடித்ததைச் செய்" என்று சொன்னதாகச் சொல்வீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா என்று நான் கேட்டதில்லை. குவேக்கர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்குப் பக்கத்தில், ஞாயிறன்று ஆளில்லாமல் கிடக்கும் தொழிற்பேட்டைக் கார் பார்க். பழைய டென்னிஸ் பந்துகளைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்து, உரிமப் பரீட்சையில் வரும் எல்லாவற்றையும் பழகினோம். பந்துகளுக்கிடையே நெளிந்து போவது, கோட்டைத் தாண்டாமல் யூ வளைவு எடுப்பது, சடக்கென்று நிறுத்துவது. நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் பரீட்சைக்குப் போவதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிறுத்தப் பழகினோம். நான் தூரத்தில் நின்று கையை உயர்த்துவேன். கையை இறக்கியதும் நீங்கள் பிரேக் பிடிக்க வேண்டும். இறக்கினேன். வண்டி என்னைக் கடந்து போய் வேலிக்குப் பக்கத்தில் நின்றது.

"பிரேக் லூசாப் போச்சு" என்றீர்கள்.

நான் ஏறி ஒரு சுற்றுப் போய்ப் பிடித்துப் பார்த்தேன். இறங்கி வந்து, "அக்கா, பிரேக் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"நீர் என்ன மெக்கானிக்கோ?" உங்கள் குரலில் நான் அதுவரை கேட்காத கோபம். "திரும்பப் போய் நில்லும்."

போய் நின்றேன். கையை இறக்கினேன். இந்த முறையும் கடந்து போனீர்கள். போகும்போது உங்கள் கையைப் பார்த்தேன். விரல்கள் பிரேக்கின் மேல்தான் இருந்தன. ஆனால் அழுத்தவில்லை.

எஞ்சினை நீங்களே அணைத்தீர்கள். நான் ஓடி வருவதற்குள் கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பிடிச்சிட்டன் எண்டுதான் நினைச்சனான். பிடிச்சதோ இல்லையோ எண்டு விரலுக்குத் தெரியேல்லை."

"எவ்வளவு நாளாக்கா?"

அந்த வெறும் கார் பார்க்கைத் திரும்பிப் பார்த்தீர்கள். "இந்த இடத்தில நீர் நிண்டனீர், விலத்தியிருப்பீர். ரோட்டில ஒரு குழந்தை நிண்டா?" என்றீர்கள். பிறகு ஸ்டாண்டைக் காலால் தள்ளினீர்கள். காலுக்கும் தெரிந்திருக்காது போல, குனிந்து கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு இறங்கினீர்கள். சாவியை என் கையில் வைத்து மூடினீர்கள்.

"நீர் பரீட்சைக்கு இதிலயே போம். வீட்டில ஒண்டும் சொல்லாதையும். அலுத்துப்போச்சு, விட்டிட்டன் எண்டு நான் சொல்லுறன். மருந்தால கை கால் விறைக்கிற கதை அவருக்குத் தெரியாது. அந்த மனுசன் நான் சுகமாகிக்கொண்டு வாறன் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிது."

சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, கம்பளித் தொப்பியும் மடக்கு நாற்காலியுமாக டாக்ஸியில் வந்து இறங்கினீர்கள். யூ வளைவில் நான் முன்சக்கரத்தையே பார்ப்பேன், கோட்டைத் தாண்டிவிடுவேன். "என்ன, கீழ காசு கிடக்கோ? தலையை நிமிர்த்தும்!" என்று அங்கிருந்தே கத்துவீர்கள். உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வண்டியைக் கீழே போடாமல் இருப்பதிலேயே என் புத்தி முழுவதும் போய்விட்டது.

பரீட்சை நாளில் தூறல். டாக்ஸியைக் காக்க வைத்து, அதற்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு இடத்தில் எஞ்சின் நின்றுபோனது, புள்ளி போனது. யூ வளைவில் மட்டும் உங்கள் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது, நிமிர்ந்தேன். தேறிவிட்டேன். நான் வந்து கண்ணாடியைத் தட்டும் முன்பே நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

"பாஸோ?"

"ஆமாக்கா."

ஹெல்மெட்டோடு என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினீர்கள். உங்களுக்குத் தெரிந்த மட்டும் மெதுவாகத்தான் பிடித்தீர்கள், எனக்குக் கழுத்தே வலித்தது. பிறகு இந்தக் கையுறைகளை மடியிலிருந்து எடுத்து நீட்டினீர்கள்.

"சரி, என்னைப் பின்னால ஏத்தும்."

"முடியாதுக்கா. புது உரிமத்துல ஒரு வருஷம் முடியுறவரைக்கும் பின்சீட்டுல யாரையும் ஏத்தக்கூடாது."

சட்டம் உங்களுக்கும் தெரியும், சேர்ந்துதானே படித்தோம். மறந்திருந்தீர்களா, கேட்டுப் பார்த்தீர்களா, தெரியவில்லை. மழையைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "அப்ப ஒரு வருசம் இருக்கத்தான் வேணும்."

அந்த வருடமே, ஊதா நிற ஜகரண்டா பூக்கள் தெருவெல்லாம் கொட்டிக் கிடந்த வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அவ உங்களுக்கெண்டுதான் சொன்னவ" என்று சொல்லி அண்ணா வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வருடம் உங்கள் திவசத்துக்குச் சில வாரம் முன்பு, மேய்ஸ் ஹில் கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. வண்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒரு வருசம் முடிஞ்சுதோ?"

எனக்குப் புரியவில்லை.

"ஒரு வருசம் போனால்தான் ஆளை ஏத்தலாமெண்டு அவ சொன்னவ. முடிஞ்சிருந்தா, என்னை ஒருக்கா ஏத்திக்கொண்டு போவீங்களோ?"

அடுத்த ஞாயிறு இன்னொரு ஹெல்மெட்டோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். வேட்டி கட்டியே பார்த்துப் பழகிய மனிதர், மகளின் தடித்த ஜாக்கெட்டும் ஜீன்ஸுமாக வாசலில் காத்திருந்தார். மகள் ஜன்னலில் நின்று, "டாட், ஹோல்ட் ஆன்!" என்று கத்தினாள். என்னைத் தொடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் வளைவில் சாய்ந்தால் அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார், வண்டி அலைந்தது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூங்கா ஓரமாக நிறுத்தினேன்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார். "இவ்வளவு ஆசைப்பட்டதை ஏன் விட்டவ? அலுத்துப்போச்செண்டு சொன்னவ. அது பொய். நான் வேண்டாம் வேண்டாமெண்டு நிண்டன். நோய்க்காரிக்கு அந்த ஒரு சந்தோசத்தையும் நான்தான் பறிச்சுப்போட்டன்."

அக்கா, நீங்கள் என்ன நினைத்து வாயை மூடச் சொன்னீர்களோ, அதற்கு நேர்மாறாக நடந்திருந்தது. அவர் மனம் நோகக்கூடாது என்று நீங்கள் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு, அவர் ஒரு வருடமாகத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார். சொன்னால், நீங்கள் மறைத்த வலி அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இந்த வலி அவரோடேயே போகும். புல்வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன். கார் பார்க், என் கை, கடந்து போன வண்டி, நீங்கள் விரலைக் கிள்ளிப் பார்த்தது, எல்லாவற்றையும்.

அவர் கையை நீட்டிப் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டாம் தரமும் பிடிபடேல்லையோ?"

"இல்லண்ணா."

"நீங்கள் சொல்லியோ இறங்கினவ?"

"இல்ல. அவங்களாத்தான் இறங்கினாங்க. ரோட்டுல ஒரு குழந்தை நின்னா என்ன ஆகும்னு கேட்டாங்க."

"ஓம்," என்றார். "அது அவதான்." ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே அவர் அழுவது தெரிந்தது. நான் வண்டியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

உங்கள் சொல்லை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். எழுத எழுத, கேட்கத் தோன்றவில்லை. கோபமென்றால் கோபித்துக்கொள்ளுங்கள். உங்களை ஏற்றிக்கொண்டு போக முடியாத குறை எனக்கு இருக்கிறது, அது இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணா வருகிறார். பேச்சு அதிகமில்லை. பின்கம்பியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். வளைவுகளில் இப்போது என்னோடு சேர்ந்து சாய்கிறார்.