ஏழாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் நடுவில் நீ

அடி சரோ, என் செல்ல நாத்தனாரே,

போர்டு தானாகவே எழுந்துவிட்டதுடி! சுவிட்சைப் போட்டேன், கையை எடுத்தேன், அவ்வளவுதான். யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. திரையில் வரிகள் கடகடவென்று இறங்கி, கடைசியில் 'ரெடி' என்று வந்து நின்றது. நான் போட்ட கத்தலில் பக்கத்து அறை ஆட்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

இதை உன்னிடம் சொல்லாமல் போனால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார், மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார். உன் அண்ணனைப் பற்றி நான் உனக்குச் சொல்லவா வேண்டும்?

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஆறாம் நாள் இல்லை. எந்த நியாயத்தில் சேர்த்தி இது? சுங்கை பினாங் ஃபிளாட்டில் ஒரே மாடியில் வளர்ந்து, ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி, உன் வீட்டுக்கே மருமகளாக வந்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தெரிந்துகொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் புரிய வேண்டுமே, கொஞ்சம் பொறுத்துக்கொள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி சிப் செய்கிறது. புது சிப் வந்தால், வாங்குகிறவர்கள் முதலில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு போர்டில் பொருத்தி அனுப்புவோம். அந்தப் போர்டு சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் செய்யாது, மண்ணாங்கட்டி மாதிரி கிடக்கும். பன்னிரண்டு வரிக் கட்டளையை ஒவ்வொன்றாக டைப் செய்தால்தான் உயிர் வரும். ஒரு எழுத்து தப்பினால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் மேசையில் தினமும் காலையில் அதைச் செய்தவள் நீ. பக்கத்தில் வயர் மாட்டிக்கொண்டு நின்றவள் நான். நீ போன பிறகு டைப் செய்வதும் நானே.

மூன்று வாரத்துக்கு முன்னால் லிம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஆமாம், அதே லிம்தான், நம் எஞ்சினியர். சட்டைப் பையில் இன்னும் அதே ஆறு பேனா. வாங்குகிறவர்கள் கத்துகிறார்களாம், இத்தனை வரியை யார் டைப் செய்வது என்று. இனிமேல் போர்டு தானாக எழ வேண்டும், பினாங்கில் முடியாவிட்டால் வேலையைத் தலைமை அலுவலகமே எடுத்துக்கொள்ளும் என்று தகவல் வந்துவிட்டது. மேசையை மூடுவார்கள். நான் பழையபடி மைக்ராஸ்கோப் லைனுக்கு. எட்டு வருஷம் அதில் குனிந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பார்த்துத்தானே என் கண் இப்படி ஆனது? இந்தக் கண்ணோடு போய் உட்கார்ந்தால் ஆறே மாசம், கழற்றி அனுப்பிவிடுவார்கள்.

"முடியாதுன்னு எழுதிடவா, பார்வதி?" என்றார் லிம்.

"நான் செய்யறேன்" என்றேன்.

"நீ டைப் பண்றவதான்லா."

"டைப் பண்றவளுக்குத்தான் சார் என்ன டைப் பண்றோம்னு தெரியும்!"

நீ இருந்திருந்தால் மேசைக்குக் கீழே என் கையைக் கிள்ளியிருப்பாய்.

வழி என்னமோ சுலபமாகத்தான் தெரிந்தது. போர்டின் மூளையெல்லாம் கண்ணாடி ஜன்னல் வைத்த இன்னொரு சின்ன சிப்புக்குள்தானே இருக்கிறது. அதன் கடைசியில் காலி இடம் கிடந்தது. பன்னிரண்டு வரியையும் அங்கே எழுதிவிட வேண்டும். கரண்ட் வந்ததும் விசைப்பலகைக்குக் காத்திருக்காமல் அங்கிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொள்ளும்படி லிம் ஒரு துண்டு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். வரிகளை நான் ஏற்றினேன். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். சுவிட்சைப் போட்டேன். ஒன்று, இரண்டு என்று ஏழு வரி ஓடியது. எட்டாவதில் செத்துப்போனது.

கையால் டைப் செய்தால் ஓடுகிறது! அதே வரி, அதே போர்டு. சிப்பில் ஏற்றியதை ஊதா விளக்கில் வைத்து அழிப்பேன், மறுபடி ஏற்றுவேன், மறுபடி எட்டாவதில் சாவு. நாலு நாள் இதே கூத்து. குயின் ஸ்திரீட் கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். அம்மனுக்கும் இந்த சிப்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் லிம், 'முடியவில்லை' என்று கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குக் கையெல்லாம் ஓய்ந்துவிட்டது. நம் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் ஜைத்தூனிடம், "நீ அடி, நான் பார்க்கிறேன்" என்றேன். டைப்பிங் வகுப்பு முடித்தவள், விரல் பறக்கும். படபடவென்று அடித்தாள். எட்டாவதில் போர்டு செத்தது. கையால் அடித்தே செத்ததுடி! அவள் அடித்ததைப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் அடித்தேன், ஓடியது. அவள் அடித்தாள், செத்தது. அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னொரு தடவை அடிங்க காக், நான் பார்க்கிறேன்" என்றாள். அக்கா என்பதை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவாள். முதலில் என் விரலைப் பார்த்தாள். பிறகு என் வாயையே பார்த்தாள்.

"காக், பாச்சா ஜம்பி கெ?"

மந்திரம் ஓதுகிறாயா என்று கேட்கிறாள். நானாவது, மந்திரமாவது! "ஏழாவதுக்கப்புறம் வாய்க்குள்ள ஏதோ சொன்னீங்க" என்றாள். இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். மறுபடி அடித்துப் பார்த்தேன். ஏழாவது வரி முடிந்தது. திரையில் இரண்டு மூன்று கிறுக்கல் வந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இப்பத்தானே எழுந்திருக்கு பாவம், கண்ணைத் தேய்ச்சுக்கட்டும்."

சரோ, அது நீ சொல்வது! தினமும் காலையில் அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாய், போர்டின் மூலையைத் தட்டிக் கொடுப்பாய், பிறகுதான் எட்டாவதை அடிப்பாய். போர்டோடு பேசுகிற பைத்தியம் என்று நான் உன்னை எத்தனை கேலி செய்திருக்கிறேன்! ஏழு மாசமாக அதையே நானும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஏழாவது வரியில் புது சிப்பின் கடிகார வேகம் மாறுகிறது. அது ஒரு நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் வேண்டும். கட்டளைத் தாளில் அது இல்லை, லிம்முக்கும் தெரியாது. தேவை என்று உனக்கே தெரிந்திருக்காது. நீ சும்மா பாவம் பார்த்தாய், அவ்வளவுதானே?

ஜைத்தூன் தோளில் சாய்ந்து அழுதேன். எதற்கென்று தெரியாமல் அவளும் கூட அழுதாள்.

லிம்மைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். விஷயத்தைக் கேட்டதும் மனுஷன் ஸ்டாப் வாட்சை எடுத்தார். "சொல்லு" என்றார். உன் வார்த்தையை மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் அளந்தார். இரண்டரை செகண்ட். பிறகு சிப்பின் விவரப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அரை செகண்டே போதும்லா" என்றார்.

"இல்ல சார், ரெண்டரை."

"ஏன்?"

"அவ அவ்வளவு நேரம் கொடுத்தா."

லிம் உட்கார்ந்து, 'காத்திரு' என்று ஒரு புதுக் கட்டளை எழுதிக் கொடுத்தார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அதை வைத்து ஏற்றினேன். நான் கத்திய கத்தல் அப்போதுதான்.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனுஷர் வந்தார். நல்ல உயரம், கதவில் குனிந்துதான் நுழைந்தார். சுவிட்சைப் போட்டார், அணைத்தார், பத்துத் தடவை. பத்துத் தடவையும் எழுந்தது! மேசை இங்கேயே இருக்கும் என்றார், அடுத்த போர்டும் உங்களுக்கே என்றார். மைக்ராஸ்கோப் இல்லை சரோ, நான் தப்பித்தேன். அவர் இருக்கிறார் என்றும் பார்க்காமல் ஜைத்தூனும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

பிறகு அவர் கேட்டார், "இந்த ரெண்டரை செகண்டைக் கண்டுபிடிச்சது யார்?"

"என் நாத்தனார் சார். சரோஜினி."

"எங்கே அவங்க? கூப்பிடுங்க, கை கொடுக்கணும்."

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். மனுஷர் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். "எதிர்க் கம்பெனிக்காரன் தூக்கிட்டுப் போயிட்டானா?" என்று சிரித்தார். "திரும்பி வரச் சொல்லுங்க. டெக்னீஷியன் வேலை தர்றேன்."

டெக்னீஷியன்! எத்தனை தடவை மனு போட்டாய் அதற்கு! மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே என்று எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள்! லிம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் அந்த அறையில் நீ உயிரோடு இருந்தாய் சரோ. ரோட்டைத் தாண்டி எதிர்க் கம்பெனியில், யாரோ உன் அருமை தெரிந்து அழைத்துக்கொண்டு போய், காலை ஷிஃப்டில் உட்கார்ந்திருந்தாய். அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

"கேட்டுப் பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் செய்ய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கடிதமே. கேட்கிறேன் சரோ. டெக்னீஷியன் வேலைடி. வர்றியா?

நீ வரமாட்டாய். எனக்குத் தெரியும். அதனால் திங்கட்கிழமை அந்த வேலைக்கு நான் மனு போடுகிறேன். நானும் மூன்றாம் படிவம்தான். திருப்பி அனுப்பட்டும், மறுபடி போடுவேன். எத்தனை தடவை அனுப்பினாலும் போடுவேன். வாங்காமல் விடமாட்டேன், உன்மேல் சத்தியம்.

உன் அண்ணி,
பார்வதி