‘கூட்டணி’க்கு ஓர் எடுத்துக்காட்டு

பிப்ரவரி 3

அகராதி அலுவலகத்தில் இன்று ‘கூ’ எழுத்து தொடங்கியது. ‘கூட்டணி’ என் தலையில் விழுந்தது. தேர்தல் நேரத்தில் இதுவா வந்து வாய்க்க வேண்டும். “பொருள், பிறப்பு, ஓர் எடுத்துக்காட்டு. கட்சி வாடையே வரக் கூடாதும்மா” என்றார் பதிப்பாசிரியர். கட்சி வாடை இல்லாமல் கூட்டணியா?

பிப்ரவரி 5

கூட்டு, அணி. அணி என்றால் வரிசை, படை, நகை. ‘கூடு’ தன்வினை, தானாகச் சேர்வது. ‘கூட்டு’ பிறவினை, இன்னொருவர் பிடித்துச் சேர்த்துவைப்பது. சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னேன்.

“வீடு கூட்டுறதும் கூட்டுதானேக்கா? குப்பையெல்லாம் ஒரே மூலைக்கு வந்துடும்.”

ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் என் வீட்டுக்காரர். அவரே சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 9

இவர் கட்சியும் இத்தனை நாள் எதிரியாக இருந்த அந்தக் கட்சியும் சேர்ந்துவிட்டன.

பிப்ரவரி 10

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. எங்கள் தொகுதியை அந்தக் கட்சிக்கு விட்டுவிட்டார்கள். வேட்பாளர் யார்? போன தேர்தலில் இவர் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டப் போன தம்பியின் வலது கையைக் கம்பியால் அடித்து முறித்தவன். அன்று தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இவர்தான். “எலும்பு கூடலைம்மா, இனிமே கூடாது” என்று டாக்டர் சொன்னபோது என்னைவிட அதிகம் அழுதவரும் இவர்தான். இப்போது அவனுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போகிறவரும் இவர்தான்.

“மேலிடம் முடிவு பண்ணிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?” என்கிறார்.

பிறவினை.

பிப்ரவரி 16

வேட்பாளர் வீட்டுக்கே வந்தான். இவர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி முன்னறையில் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

“பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க தம்பி” என்று கையை நீட்டினான் வேட்பாளர். தம்பியின் வலது கை தானாக எழும்பாது. மடித்த துணியை அவன் கீழே வைக்கவில்லை. இவர் அந்தக் கையை எடுத்து — என் வீட்டுக்காரர்தான் — வேட்பாளர் கையில் வைத்தார். போட்டோ எடுத்தார்கள்.

நான் ஏன் மரம் மாதிரி நின்னேன்? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பாவி, எனக்கு என்ன ஆச்சு?

பிப்ரவரி 17

தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். “மாமா மேல கோவம் இல்லக்கா. என்னைத் தூக்கிட்டு ஓடினவர் அவர். அதே கையால என் கையை எடுத்துக் குடுத்தாரு பாரு, அதைத்தான் தாங்க முடியல.”

பிப்ரவரி 24

இன்னும் எடுத்துக்காட்டு எழுதவில்லை. இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ.

மார்ச் 2

கூட்டணி முறிந்தது. ஏதோ இரண்டு தொகுதிக்கான தகராறாம். இவர் பழைய முகத்தோடு வந்தார். “இனிமே ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வரச் சொல்லு.”

போட்டேன். இவர் பக்கத்திலேயே நின்றார். “சந்தோஷம்க்கா. மாமாவைக் கேட்டதா சொல்லு” என்றான் தம்பி. வருகிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 4

தம்பி போன பிறகு முதல் முறையாக, காலையில் அவன் அறையைக் கூட்டப் போனேன். குப்பையே இல்லை. இடது கையால் அவனே கூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

‘கூட்டணி’க்கு யாருக்கும் வலிக்காத வாக்கியம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ‘கூடு’வும் என் பங்குதான். அதற்கு எழுதியது: ‘முறிந்த எலும்பு கூடவில்லை.’

“எளிமையா இருக்கும்மா” என்று பதிப்பாசிரியர் டிக் போட்டார்.